வரைகிற மகளுக்கு எந்தப் பாடசாலை?



ராகலையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் பல வருடங்கள் கட்டாரில் உழைத்தவர். தாயும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள். மூத்த மகள் டோஹாவில் ஆங்கில மொழிமூலம் படித்து ஐ.ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையை முடித்துவிட்டாள். இப்போது குடும்பம் ஊரோடு வந்துவிட்டது. ராகலை பஸாரில் இருக்கும் பழைய கடையைத் திருத்தி நடத்தப் போகிறார்கள். மகளுக்குப் பதினாறு வயது. கையில் எப்போதும் பென்சில். கிடைத்த தாளிலெல்லாம் வரைகிறாள். பழைய துணியை வெட்டிப் புதிதாக ஏதாவது தைக்கிறாள். உயர்தரத்தில் சித்திரம் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள்.

"சாச்சா, வர்த்தகம் படித்தால் கடைக்காவது உதவும் என்கிறார். மாமி, சித்திரம் படித்துச் சோறு கிடைக்குமா என்று கேட்கிறார். இவர் ஒன்றும் பேசாமல் இருக்கிறார். நல்ல பாடசாலை ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள், அங்கேயே சேர்த்துவிடுகிறோம்" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் பாடசாலையின் பெயர் கடைசியாகத் தெரிவு செய்ய வேண்டியது. அதற்கு முன்னர் மூன்று விடயங்கள் முடிவாக வேண்டும். பிள்ளை எந்தப் பாடங்களைப் படிக்கப் போகிறாள்? எந்த மொழியில் எழுதப் போகிறாள்? அந்தப் பாடத்தை அந்த மொழியில் கற்பிக்கும் ஆசிரியர் எங்கே இருக்கிறார்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாடசாலை தானாகவே தெரியும். பெரிய பெயருள்ள கல்லூரியில் சேர்த்த பிறகு, "எங்களிடம் சித்திர ஆசிரியர் இல்லை, வேறு பாடம் எடுங்கள்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? உயர்தரத்தின் இரண்டு வருடங்கள் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். இடையில் மாற்றினால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பங்கள் நம்மில் பல. ஆகவே இந்தப் பதிலை உங்களுக்கு மட்டுமல்லாமல் எல்லாச் சகோதரிகளுக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையைப் பாருங்கள்

கைத்திறன் உள்ள பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். ஒருத்தி கண்ணால் பார்த்ததை அப்படியே தாளில் கொண்டுவருவாள். ஒருத்திக்குக் கோலம், நிறம், அலங்கார வேலைப்பாடு பிடிக்கும். இன்னொருத்தி ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பொருத்துவாள். வேறொருத்தி கணினியில் எழுத்துக்களையும் படங்களையும் அடுக்கி அழகு பார்ப்பாள். இவர்கள் எல்லோருக்கும் சித்திரம் ஒன்றே வழி என்று நினைக்கக் கூடாது.

மகளின் பழைய கொப்பிகளையும் தாள்களையும் ஒருநாள் மேசையில் பரப்பி வையுங்கள். அவளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எதை அதிகம் செய்திருக்கிறாள், எதை முடித்திருக்கிறாள், எதைப் பாதியில் விட்டிருக்கிறாள் என்று பாருங்கள். யாரும் சொல்லாமல் தானே திரும்பத் திரும்பச் செய்தது எதுவோ, அதில்தான் அவளுடைய விருப்பம் இருக்கிறது. அவற்றை எறிந்துவிடாதீர்கள். நல்லவற்றைத் தேர்ந்து, திகதி எழுதி, ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பின்னர் சித்திர ஆசிரியரிடம் காட்ட அது உதவும். வடிவமைப்புக் கற்கைகளுக்குப் போகும்போதும் உதவும்.

மொழி என்ற பெரிய கேள்வி

வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இங்குள்ள முதல் தடை பாடமல்ல, மொழிதான். வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் வரலாற்று வினாவொன்றுக்கு மூன்று பக்கம் தமிழில் எழுதச் சொன்னால் பேனை நகராது. "தமிழ்ப் பிள்ளைதானே, இரண்டு மாதத்தில் பழகிவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பேச்சுத் தமிழ் வேறு, பரீட்சைத் தமிழ் வேறு.

உயர்தரப் பரீட்சையைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதலாம். ஆனால் பரீட்சை எழுத அனுமதி இருப்பது ஒன்று, அந்த மொழியில் கற்பிக்க ஆசிரியர் இருப்பது வேறொன்று. மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் கலைப் பாடங்களைப் பொதுவாகத் தமிழில்தான் கற்பிப்பார்கள். ஆகவே மகளை இப்போதே சோதித்துப் பாருங்கள். சாதாரண தரத் தமிழ் வினாத்தாள் ஒன்றை வாங்கி, நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். வாசிக்க முடிகிறது, எழுதத்தான் தயங்குகிறாள் என்றால் பயப்பட வேண்டாம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுத வைத்தால் சில மாதங்களில் கை திருந்தும். வாசிக்கவே திணறுகிறாள் என்றால் ஆங்கில மொழிமூல வகுப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

அவளுடைய ஆங்கிலத்தைக் குறையாக நினைக்காதீர்கள். அது அவள் கையிலுள்ள சொத்து. உயர்தரத்தில் எல்லா மாணவரும் எழுதும் பொது ஆங்கிலம் ஒன்று. அதைத் தவிர ஆங்கிலம் என்ற பிரதான பாடமும் உண்டு. மலையகத்தில் அந்தப் பாடத்தை எடுக்கத் துணியும் பிள்ளைகள் குறைவு. கற்பிக்க ஆசிரியர் இருந்தால் உங்கள் மகளுக்கு அது பொருத்தமானது.

எந்தத் துறை, எந்தப் பாடம்?

நம் உயர்தரத்தில் ஆறு முக்கியத் துறைகள் இருக்கின்றன: உயிரியல் விஞ்ஞானம், பௌதிக விஞ்ஞானம், வர்த்தகம், கலை, பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம். கடைசி இரண்டும் 2013இல் சேர்ந்தவை. மகள் ஏழாம் எட்டாம் வகுப்பில் படித்தபோது கட்டாரில் இதெல்லாம் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்காது. நீங்கள் சேர்ந்து உட்கார்ந்து விளக்க வேண்டும்.

கலைத்துறையில் சித்திரம், நடனம், சங்கீதம், நாடகமும் அரங்கியலும் என்று அழகியல் பாடங்கள் உண்டு. ஆனால் மூன்றையும் அழகியலிலேயே எடுக்க இயலாது. அதிலிருந்து இரண்டு வரைதான் எடுக்கலாம். சமூக விஞ்ஞானப் பக்கத்திலிருந்து ஒரு பாடமாவது இருக்க வேண்டும். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைக்குச் சித்திரத்தோடு புவியியல் அல்லது தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், மூன்றாவதாக ஆங்கிலம் அல்லது தமிழ் என்று எடுத்தால் சமநிலையாக இருக்கும்.

சித்திரம் என்றால் வரைவது மட்டும்தான் என்று நினைத்து இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் பிறகு திகைக்கிறார்கள். செயன்முறையோடு கலை வரலாறும் ரசனையும் படித்து எழுத வேண்டும். சிகிரியா ஓவியங்கள், பொலன்னறுவைச் சிலைகள், இந்தியக் கலை, ஐரோப்பிய மறுமலர்ச்சி என்று பாடம் விரிந்து போகும். எழுத்து வேலையை வெறுக்கும் பிள்ளை, கை எவ்வளவு திறமையாக இருந்தாலும், இதில் புள்ளியை இழப்பாள்.

நம் வீடுகளில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இருக்கிறது. தொழில்நுட்பத் துறைக்குப் போகும் பிள்ளை, தொழில்நுட்பப் பாடத்தோடும் தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானத்தோடும், மூன்றாவது பாடமாகச் சித்திரத்தை எடுக்கலாம். தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் அப்படியே எடுக்கலாம். கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்த, பொருட்களை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி.

இனிச் சாச்சாவின் கேள்விக்கு வருவோம். வர்த்தகம் குறைந்த பாடமல்ல. கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகியவை விருப்பத்தோடு படிப்பவருக்கு நல்ல எதிர்காலம் தரும். ஆனால் பல்கலைக்கழகம் பார்ப்பது இஸட் புள்ளியை. ஒரு பாடத்தில் மற்றப் பரீட்சார்த்திகளோடு ஒப்பிடும்போது இந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதைத்தான் அது காட்டும். கணக்கீட்டை உயிராக நினைத்துப் படிக்கும் பிள்ளைகளோடு, மனமில்லாமல் அந்த வகுப்பில் இருக்கும் பிள்ளை போட்டியிட வேண்டியிருக்கும். "பாதுகாப்பான துறை" என்று நாம் நினைத்துச் சேர்த்தது மூன்று சாதாரண சித்தியோடு முடிந்தால், அதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? கடைக் கணக்கு எழுத வர்த்தகத் துறை தேவையில்லை. வாப்பாவோடு ஒரு நோன்பு மாதம் கடையில் இருந்தாலே பழகிவிடுவாள்.

ராகலையிலிருந்து எங்கே அனுப்பலாம்?

நம் நாட்டுப் பாடசாலைகளில் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரிவுகள் இருக்கின்றன. 1ஏபி பாடசாலையில் விஞ்ஞானம் உட்பட உயர்தரம் இருக்கும். 1சி பாடசாலையில் கலை, வர்த்தகம் இருக்கும். மற்ற இரண்டிலும் உயர்தரம் இல்லை. தோட்டப்புறப் பாடசாலைகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகையைச் சேர்ந்தவை. அதனால்தான் மலையகப் பிள்ளைகள் உயர்தரத்துக்கு ஊர் விட்டு ஊர் போகிறார்கள்.

உங்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ராகலையிலேயே படிப்பது. ஊரில் தமிழ் மகா வித்தியாலயம் இருக்கிறது. பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு, வீட்டுக்கு வந்து சூடாகத் தேநீர் குடித்துவிட்டுப் படிக்கக் கிடைப்பது சிறிய விடயமல்ல. ஊர்ப் பிள்ளைகளோடு பழகி, ஊர்த் தமிழும் விரைவில் வரும். வீட்டுக்கு அருகில் என்பதற்காக இதை இரண்டாம் தரமாக நினைக்காதீர்கள். முதலில் இங்கே விசாரியுங்கள்.

இரண்டாவது, கந்தப்பளை வழியாகச் சுமார் 20 கிலோமீற்றர் தூரத்திலுள்ள நுவரெலியா. அங்கே பரிசுத்த திரித்துவக் கல்லூரி, பெண்களுக்கான நல்லாயன் மகளிர் கல்லூரி போன்றவை இருக்கின்றன. தினமும் போய்வரலாம். ஆனால் வளைவும் ஏற்றமும் உள்ள மலைப்பாதை, காலை மூடுபனி, பின்னேர மழை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பாதையும் எந்நாளும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகப் பாதைகள் பல மண்சரிவால் அடைபட்டன. நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற நூற்றுக்கு 80 வரவு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, கண்டி அல்லது கம்பளை. கண்டியில் பதியுதீன் மஹ்மூத் மகளிர் கல்லூரி, கம்பளையில் சாஹிரா என்று நம் சமூகத்துக்கு நன்கு தெரிந்த பாடசாலைகள் இருக்கின்றன. மார்க்கச் சூழல், சீருடை, தொழுகை ஆகியவற்றில் மனத்துக்கு நிம்மதி. ஆனால் நாளாந்தம் போய்வர முடியாது. விடுதியோ உறவினர் வீடோ வேண்டும். உறவினர் வீடு என்றால், அந்த வீட்டில் இவளுக்கு ஒரு மேசையும் வர்ணம் சிந்தினால் யாரும் சினக்காத ஒரு மூலையும் கிடைக்குமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு நாட்டை விட்டு வந்த பிள்ளை அடுத்த மாதமே வீட்டையும் விட்டுப் போவதைத் தாங்குவாளா என்பதையும் யோசியுங்கள்.

நான்காவது, கொழும்பிலோ கண்டியிலோ சர்வதேசப் பாடசாலை. படித்த முறையிலேயே தொடரலாம். மொழிச் சிக்கல் இல்லை. கேம்பிரிட்ஜ் உயர்தரத்தில் கலையும் வடிவமைப்பும் என்ற பாடம் இருக்கிறது. அதில் மாணவர் பல மாதங்கள் செய்த வேலைகளையே மதிப்பிடுவார்கள். ஆனால் கட்டணம் பெரிது. அதைவிடப் பெரிய விடயம் ஒன்றிருக்கிறது. இங்கிருந்து லண்டன் உயர்தரம் எழுதினால் இஸட் புள்ளி கிடைக்காது. அரச பல்கலைக்கழகத்தின் வழமையான வாசல் மூடிவிடும். பிறகு தனியார் நிறுவனம் அல்லது வெளிநாடு என்றுதான் போக வேண்டும். கடையை இனித்தான் தொடங்கப் போகும் குடும்பத்துக்கு ஐந்தாறு வருடம் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்பதைக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் மௌனமாக இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில், மாவட்ட முறை பொருந்தும் கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களில் ஒன்று. பிள்ளை எந்த மாவட்டம் என்பதைப் பொதுவாக அவள் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் படித்த பாடசாலையை வைத்துத் தீர்மானிப்பார்கள். ஆகவே கண்டிக்கு அனுப்பினால் மாவட்டமும் மாறக்கூடும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்த மூன்று வருடம் நிரம்பாது என்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் தமிழிலும் வெளியிடும் கைநூலைப் பார்த்து, அவர்களிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கற்கைநெறிக்குக் கற்கைநெறி விதி மாறும்.

அதிபரிடம் கேட்க வேண்டியவை

பாடசாலைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். கோப்பும் கையில் இருக்கட்டும். இவற்றைக் கேளுங்கள்:

1. உயர்தரச் சித்திரத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? இந்த வருடம் இடமாற்றம் பெற்றுப் போகிறவரா?

2. கடந்த வருடங்களில் எத்தனை பிள்ளைகள் சித்திரம் எழுதினார்கள், என்ன பெறுபேறு?

3. நாங்கள் நினைக்கும் மூன்று பாடங்களும் நேரசூசியில் ஒன்றோடொன்று மோதாமல் வருமா?

4. செயன்முறைக்கு அறையும் பொருட்களும் இருக்கின்றனவா? வர்ணம், தூரிகை, தாள் எல்லாம் நாமே வாங்க வேண்டுமா?

5. ஐ.ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேற்றை ஏற்றுக்கொள்வீர்களா? என்ன கடிதம் வேண்டும்?

6. தமிழில் எழுதப் பின்தங்கிய பிள்ளைக்கு முதல் தவணையில் உதவி கிடைக்குமா?

7. சீருடை, ளுஹர் தொழுகை பற்றிய உங்கள் நடைமுறை என்ன?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில், மற்ற ஆறுக்கும் எவ்வளவு இனிமையான பதில் வந்தாலும் அவசரப்பட வேண்டாம். முடிந்தால் சித்திர ஆசிரியரை நேரில் சந்தித்து, மகளின் கோப்பைக் காட்டுங்கள். ஒரு நல்ல ஆசிரியர் அதைப் புரட்டும் விதத்திலேயே உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஐந்தாவது கேள்வியை இலேசாக எடுக்காதீர்கள். அரச பாடசாலையில் உயர்தரத்துக்குப் பொதுவாகத் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் கேட்பார்கள். வெளிநாட்டுப் பெறுபேறு இதற்கு எப்படிச் சமமாகும் என்பதை வலயக் கல்விப் பணிமனையிலும் கல்வி அமைச்சிலும் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்குங்கள். இன்னும் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள், பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் பெறுபேற்றையும் அங்குள்ள நம் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள். ஊருக்கு வந்த பிறகு ஒரு முத்திரைக்காக மாதக்கணக்கில் அலைவதைவிட அது எளிது.

மார்க்கம் பற்றிய தயக்கம்

கடிதத்தில் இதைச் சகோதரி எழுதவில்லை. ஆனால் பல வீடுகளில் மனதுக்குள் இருக்கும் கேள்வி இது: உயிருள்ளவற்றை வரையலாமா? இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நாம் அறிவோம். உங்கள் குடும்பம் மதிக்கும் ஆலிம் ஒருவரிடம், பாடத்திட்டத்தையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். பாடத்தில் சிலைகளும் சுவரோவியங்களும் வரும். செயன்முறையில் மனித உருவங்கள் சேர்ந்த காட்சியும் வரைய நேரலாம். இதை ஒளிக்காமல் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: பாடத்தைத் தெரிவு செய்யும் முன்பே கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் படித்த பிறகு, யாரோ ஒருவர் சொன்னார் என்று பிள்ளையின் கையிலிருந்து தூரிகையைப் பறிப்பது அநியாயம்.

சித்திரம் வேண்டாம் என்று முடிவானாலும் பிள்ளையின் திறமைக்குக் கதவு மூடிவிடவில்லை. அழகை வெறுத்த சமுதாயமல்ல நாம். தாஜ்மஹாலின் வாயில்களில் இறைவசனங்களை எழுதிய அமானத் கானும், இஸ்தான்புல்லில் சுலைமானிய்யா பள்ளியைக் கட்டிய சினானும் நம் வரலாற்றில் இருப்பவர்கள். உங்கள் மகள் டோஹாவில் கடலோரம் நிற்கும் இஸ்லாமியக் கலை நூதனசாலையைப் பார்த்திருப்பாள். 2008இல் அது திறக்கப்பட்டபோது அதை வடிவமைத்த ஐ.எம். பெய்க்கு 91 வயது. முஸ்லிம் அல்லாத அந்தப் பெரியவர், முஸ்லிம் நாடுகளுக்குப் பயணம் செய்து, கடைசியில் கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளியிலுள்ள வுழூச் செய்யும் மண்டபத்தில்தான் தமக்கு வேண்டிய வடிவத்தைக் கண்டெடுத்தார். எழுத்தணி, கேத்திரகணிதக் கோலம், துணி வடிவமைப்பு, கட்டிடக்கலை என்று உருவம் இல்லாமலே ஓர் ஆயுள் முழுவதும் செய்யத்தக்க வேலைகள் இருக்கின்றன.

சோறு கிடைக்குமா?

மாமியின் கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் விடக் கூடாது.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு ஆகிய பட்டப்படிப்புகள் இருக்கின்றன. எந்தத் துறையில் உயர்தரம் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். உளச்சார்புப் பரீட்சையில் தேற வேண்டும். ஆங்கிலத்தில் படிப்பிப்பதால் உங்கள் மகளுக்கு அங்கே தடுமாற்றம் இருக்காது. கட்டிடக்கலைக்கும் உளச்சார்புப் பரீட்சை உண்டு. இந்தப் பரீட்சைகளுக்கான அறிவித்தல் தனியாக வரும். நாளைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். தமிழில் கலை பயில யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. ஆசிரியராக விரும்பினால் கல்வியியற் கல்லூரிகள்.

பட்டம் வேண்டாம், விரைவில் கைத்தொழில் வேண்டும் என்பவர்களுக்கு, 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்கல்விப் பிரிவில் வரைகலை வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு போன்ற பாடங்கள் சேர்க்கப்பட்டன. உங்கள் பக்கத்துப் பாடசாலையில் அது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

பெண்கள் இதில் உயர்ந்ததற்கும் நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1918இல் கண்டியில் பிறந்த மினட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டிடக்கலைஞர் நிறுவனத்தின் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி. பத்திக் துணிக்குப் புது வாழ்வு தந்தவர் ஈனா டி சில்வா. கைத்தறியையும் நிறங்களையும் வைத்து 'பெயாஃபூட்' நிறுவனத்தை வளர்த்தவர் பார்பரா சன்சோனி. அதனால் கிராமத்துப் பெண்கள் பலருக்கு வேலை கிடைத்தது. மலையகத்திலிருந்தே உதாரணம் வேண்டுமென்றால், ஹட்டன் பகுதியைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்றவர். தேயிலையையும் தோட்டத்து மக்களின் வாழ்வையுமே தம் படைப்புக்குப் பொருளாக எடுத்தார்.

எல்லோரும் இப்படிப் பெயர் பெறுவார்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தத் துறையிலும் அப்படி இல்லை. வருமானம் தாமதமாக வரக்கூடிய துறை இது என்பதை மகளிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதனால்தான் சித்திரத்தோடு ஆங்கிலமும் கணினியும் கைவசம் இருக்கட்டும் என்கிறேன். கை ஒரு பக்கம் திறந்திருந்தால் போதாது. மறுபக்கமும் ஒரு கதவு வேண்டும்.

இறுதியாக ஒரு சொல்

சகோதரிகளே, ஊர் மாறிய பிள்ளை எதை இழந்திருக்கிறாள் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. தோழிகள், பாடசாலை, பழகிய மொழி எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் போய்விட்டன. பென்சில் ஒன்றுதான் அவளோடு வந்தது. அதையும் "இதெல்லாம் சோறு போடாது" என்று பிடுங்கினால் அவளிடம் என்ன மிஞ்சும்? நம் சொல்லைக் கேட்டு வர்த்தக வகுப்பில் அமர்ந்திருப்பாள். ஆனால் மனத்தால் நம்மை விட்டு வெகுதூரம் போயிருப்பாள்.

ஆகவே, ராகலைச் சகோதரி, இந்த வாரமே மகளோடு உட்காருங்கள். மூன்று பாடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். மொழியை முடிவு செய்யுங்கள். பிறகு ஊர்ப் பாடசாலையில் தொடங்கி, நுவரெலியா வரை சென்று, அந்த ஏழு கேள்விகளையும் கேளுங்கள். சாச்சாவையும் மாமியையும் மனம் நோகச் செய்ய வேண்டாம்; அவர்களிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். கணவரையும் பாடசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாப்பா தன்னோடு வந்தார் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம். இஸ்திகாராத் தொழுது, கலந்து பேசி எடுத்த முடிவில் வல்ல நாயன் பரக்கத் செய்வானாக.

உங்கள் பகுதியில் உயர்தரச் சித்திரம் நன்றாகக் கற்பிக்கும் பாடசாலைகள் பற்றித் தெரிந்தவர்கள் நமக்கு எழுதுங்கள். இன்னொரு தாய்க்கு அது உதவும்.

வஸ்ஸலாம்.